ஆரம்பநிலைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் ஹார்மோன் ஏற்பிகளும்: ரப்பர் ஆலை முதல் திசு ஆய்வகம் வரை

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று முதல் நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. இதற்குப் புகைபிடித்தல், தொழிலிடத்து இரசாயனங்கள் ஆகிய இரண்டுமே நெடுங்காலம் காரணமாகச் சொல்லப்பட்டன. இரண்டாவது காரணத்தின் வரலாறு மலேசியாவின் கெடா மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களையும் தொட்டுச் செல்கிறது.

பிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லூட்விக் ரேன் 1895இல் சாயத் தொழிற்சாலை ஆட்களிடம் இந்நோயைக் கண்டு அறிவித்தார். சாயத் தயாரிப்பில் பயன்பட்ட 2-நாஃப்தைலமீன் நாய்களின் சிறுநீர்ப்பையில் கட்டியை உண்டாக்குவதை ஆய்வாளர் வில்ஹெல்ம் ஹூப்பர் 1938இல் காட்டினார். ரப்பர் நாள்பட்டுக் கெடாதிருக்க பிரிட்டிஷ் ஆலைகளில் கலக்கப்பட்ட பொருளிலும் அந்த வேதிப்பொருள் இருந்தது; 1949இல் அது கைவிடப்பட்டது. ரப்பர் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்திருந்ததை ஆய்வாளர்களான கேஸ், ஹாஸ்கர் இருவரும் 1954இல் வெளியிட்டனர்.

கெடா 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு மாறியது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் தமிழ்த் தொழிலாளர் வெட்டிய பால், ரப்பராகக் கடல் கடந்து போயிற்று. ஆனால் ஆலைத் தொழிலாளர் பற்றிய முடிவைத் தோட்டத்துக்காரர்மேல் அப்படியே ஏற்றுவது தவறு. தோட்டத்தில் பாலை ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் தகடாக்கி, புகைவீட்டில் உலர்த்தினார்கள். நாஃப்தைலமீன் கலப்பு நடந்தது டயரும் கேபிளும் செய்த ஆலைகளில். தோட்டத்து லயக் குடியிருப்பு ஆண்களுக்கும், உலகெங்கும் உள்ளோரைப் போலவே, முதல் எதிரி புகையிலைதான்.

புகையையும் தொழிலையும் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் ஆண்–பெண் இடைவெளி முழுதாக மறையவில்லை. அதனால் ஆய்வாளர் பார்வை ஹார்மோன் பக்கமும், அதைப் பற்றிக்கொள்ளும் செல் புரதமான ஏற்பியின் பக்கமும் திரும்பியது. 2007இல் மியாமோட்டோ குழுவினர் எலிகளுக்குப் புற்றூக்கி இரசாயனம் ஒன்றைக் கொடுத்தனர். ஆண் எலிகளில் 90 விழுக்காட்டுக்கு மேலும், பெண் எலிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கும் கட்டி வந்தது. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனின் ஏற்பி நீக்கப்பட்ட எலிகளில் ஒன்றுக்குக்கூட வரவில்லை. இத்துறையின் மிக வலுவான சான்று இதுவே.

மனிதரிடம் கேள்வி வேறு. கண்டறியப்படும்போது சுமார் 75 விழுக்காட்டு நோய், தசைக்குள் இறங்காமல் உட்படலத்திலோ அதற்கடுத்த அடுக்கிலோ நிற்கிறது; இதுவே ஆரம்பநிலை. சுரண்டி எடுத்தாலும் பலருக்குத் திரும்ப வருகிறது. சிலருக்குத் தசைக்குள் இறங்குகிறது. யாருக்கு இறங்கும் என்பதைக் கணிக்க 2006இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2,596 நோயாளிகளின் தரவிலிருந்து மதிப்பெண் அட்டவணை ஒன்றை உருவாக்கினர். கட்டிகளின் எண்ணிக்கை, அளவு, முன்பு திரும்ப வந்த வேகம், ஆழம், தரம், உட்படலத்துப் படர்நோய் ஆகிய ஆறும் அதில் உண்டு. ஹார்மோன் ஏற்பி இல்லை.

ஏற்பியைக் கண்டறிய, மெழுகில் பதித்த திசுவைச் சில மைக்ரான் தடிமனில் சீவி, எதிர்ப்பொருளும் சாயமும் இடுகிறார்கள். ஏற்பி உள்ள செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும். எத்தனை விழுக்காடு பழுப்பானால் ‘உண்டு’ எனக் கொள்வது என்பதில் ஆய்வகங்களுக்குள் ஒற்றுமையில்லை. எதிர்ப்பொருளும் இடத்துக்கிடம் மாறுகிறது. முரணான முடிவுகள் பல வந்ததற்கு இது முக்கியக் காரணம். கட்டி ஆழமாகப் போகப்போக ஆண்ட்ரோஜன் ஏற்பி குறைவதை 2004இல் பூர்ஜியன் குழு கண்டது. கட்டியைத் தூண்டும் ஏற்பி, முற்றிய கட்டியில் ஏன் குறைய வேண்டும் என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட விடை இன்னும் கிடைக்கவில்லை. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் பீட்டா வகை ஏற்பி உள்ள ஆரம்பநிலைக் கட்டிகள் திரும்ப வருவதும் முற்றுவதும் கூடுதலாக இருந்தது. இன்றைய நிலையில் நம்பிக்கை தரும் குறியீடு அதுதான். ஆயினும் சிகிச்சை முடிவை அதன்மேல் நிறுத்தும் அளவுக்குச் சான்று இல்லை. மருத்துவ வழிகாட்டி நெறிகளிலும் அது இடம்பெறவில்லை.

நோய் ஆண்களிடம் அதிகம் என்றாலும், பெண்களிடம் அது பெரும்பாலும் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. சிறுநீரில் வரும் இரத்தத்தை மாதவிடாய் என்றோ சிறுநீர்த் தொற்று என்றோ நினைத்து விட்டுவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கெடாவில் இனி ஆய்வு நடக்குமானால், திசுவோடு நோயாளியின் பாலினம், புகைப்பழக்கம், செய்த வேலை, மாதவிடாய் நின்ற வயது ஆகியவற்றையும் பதிவு செய்ய வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாத ஒன்று உண்டு: வலியில்லாமல் ஒரே ஒரு முறை இரத்தம் வந்து நின்றுவிட்டாலும், ஆணோ பெண்ணோ அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்ட வேண்டும்.