பச்சையை உலர்த்திய கதை

திரைப்பட வரலாறு எழுதுவோர் இயக்குநரையும் நடிகரையும் பேசுமளவுக்குப் படச்சுருள் கடந்துவந்த மேசைகளைப் பேசுவதில்லை. ஒளிப்பதிவில் தொடங்கி வண்ணத் திருத்தத்தில் முடியும் அந்தப் பாதை எவ்வாறு மாறியது என்பதை அறிய, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ நமக்கு நல்ல சான்று.

ஹோமரின் ஒடிசியைத் தழுவிய இப்படத்தின் கதை, பெருமந்தம் நிலவிய 1930களின் மிசிசிப்பியில் நிகழ்கிறது. இயக்குநர்கள் வேண்டியது கையால் வண்ணம் தீட்டிய பழைய அஞ்சலட்டையின் சாயல்: காய்ந்த புல், புழுதி, மங்கிய மஞ்சள். படப்பிடிப்பு நடந்ததோ 1999 கோடையில். அப்பருவத்தில் மிசிசிப்பி கண்நிறைந்த பச்சை.

அன்றைய ஆய்வகத்தால் இதைத் தீர்க்க இயலாது. பிரதி எடுக்கையில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளை 1 முதல் 50 வரையிலான படிகளில் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவே. இலையின் நிறத்தை மாற்றினால் முகத்தின் நிறமும் உடன் மாறும். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் வேதிமுறைகளைச் சோதித்தும் பயன் கிட்டவில்லை. ஆகவே படம் முழுவதும் சினிசைட் நிறுவனத்தில் 2கே அளவில் ஸ்கேன் செய்யப்பட்டது. டீக்கின்ஸ் வாரக்கணக்கில் உடனிருக்க, பச்சை மட்டும் தனியே பிரிக்கப்பட்டு வைக்கோல் நிறமாயிற்று. பின்னர் லேசர் கருவிகொண்டு எல்லாம் மீண்டும் படச்சுருளில் பதியப்பட்டன. நம் திரைத்துறையினர் ‘டிஐ’ என்று சுருக்கிச் சொல்லும் முறை இதுதான்.

படத்தொகுப்பு இதற்கு முன்பே கணினிக்குப் போய்விட்டது. வால்டர் மர்ச் ஆவிட் கருவியில் தொகுத்து முடித்த ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ (1996) சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கரைப் பெற்றது. கணினியில் தொகுத்த படமொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. ஆனால் அக்காலத்தில் கணினியில் இருந்தது வெட்டிப் பார்ப்பதற்கான நகல் மட்டுமே. படச்சுருளின் ஓரத்தெண்களைக் கொண்ட பட்டியலைப் பார்த்து, அசல் நெகட்டிவைக் கத்தரிப்பது மனிதக் கை. நகலை ஏற்றும் முதல் நாளில் ஓர் எண் தவறினால், கடைசி நாளில் தவறான இடத்தில் கத்தரி விழும். திட்டமிடல் அன்று ஒழுங்கு மட்டுமன்று, அச்சமும்கூட.

டிஐ அந்த அச்சத்தைப் போக்கியது. வேறொரு கேள்வியைக் கொண்டுவந்தது. பிம்பம் யாருடையது? முன்பு ஒளிப்பதிவாளரின் முடிவு பெருமளவு நெகட்டிவிலேயே உறைந்துவிடும். இன்று வண்ணம் திருத்தும் அறையில் அமரும் எவரும் அதை மாற்றலாம். டீக்கின்ஸ் வாரக்கணக்கில் அங்கிருந்ததன் பொருளை நாம் இங்கேதான் காண்கிறோம். கருவி புதிது, பார்வை படப்பிடிப்புக்கு முன்பே தீர்மானமானது.

‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் சொல் இன்றைய படப்பிடிப்புத் தளங்களில் மலிந்துவிட்டது. ஆயினும் வெளுத்துப்போன வானத்தில் பதியாத மேகத்தை எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது. சுவரை வைத்துத்தான் சித்திரம். கணினி வந்தபின்னும் அதுவே விதி.