பீன்ஸ் சூப் அணைத்த நெருப்பு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் குண்டு போட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்கள் மூடுபனியில் இறங்க வழியின்றித் தவிப்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். ஓடுபாதையின் இருபுறமும் பெட்ரோலை எரித்துப் பனியை விரட்டிய கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்கு. ஆனால் ஓடுபாதை ஓரம் நின்ற ஒரு வண்டி என்னை நகர விடவில்லை.

ஃபோர்ட்சன் டபிள்யூ.ஓ.டி.1. ஆறு சக்கரம், வி8 எஞ்சின். விமானம் விழுந்தால் முதலில் ஓட வேண்டிய தீயணைப்பு வண்டி. 'கிராஷ் டெண்டர்' என்பார்கள். போருக்குப் பின் தப்பிப் பிழைத்த சிலவற்றைப் பிரிட்டிஷ் ஆர்வலர்கள் துரு சுரண்டி, சாயம் பூசி, மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். பார்ப்பவர்கள் எஞ்சினை மெச்சுகிறார்கள். என் கண் போனது அது சுமந்த நுரையின் மேல்.

ஒரு லங்காஸ்டரின் டாங்குகள் 2,154 கேலன் பெட்ரோல் கொள்ளும். பற்றிக்கொண்டால் தண்ணீர் பீய்ச்சிப் பயனில்லை. பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து தீயையும் கூட்டிக்கொண்டு பரவும். காற்றுப் புகாமல் கம்பளிபோல் மூட நுரை வேண்டும். அந்த நுரைக்கான சரக்கு மாட்டுக் குளம்பு, கொம்பு, இரத்தம் ஆகியவற்றிலிருந்து பிரித்த புரதம்!

குளம்பும் கொம்பும் இல்லாமல் சோயாவிலேயே இதற்கு வழி திறந்தவர் அமெரிக்க வேதியியலாளர் பெர்சி ஜூலியன். 1899-இல் அலபாமாவில் பிறந்த கறுப்பர்; அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பேரன். வியன்னா போய் 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கியவருக்குத் தான் பட்டம் படித்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் நாற்காலி கிடைக்கவில்லை. சிகாகோவில் கிளிடன் கம்பெனிக்குப் போய்ச் சோயாவிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதைக் கொண்டு உருவானதுதான் 'ஏரோஃபோம்' நுரை. அமெரிக்கக் கடற்படையினர் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'பீன்ஸ் சூப்'. கப்பலில் எண்ணெய்த் தீ பிடித்தபோது மாலுமிகள் பலரின் உயிரைக் காத்தது அந்த சூப்.

1950-இல் வெள்ளையர்கள் வாழ்ந்த சிகாகோ புறநகர் ஓக் பார்க்கில் ஜூலியன் வீடு வாங்கினார். குடியேறும் முன்பே அதைக் கொளுத்தப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு டைனமைட் வீசினார்கள். மனிதர் அசையவில்லை. இரவில் மகனை உடன் வைத்துக்கொண்டு, துப்பாக்கியோடு காவல் காத்தார். அந்த ஊரிலேயே வாழ்ந்தார்.

குண்டு போடச் சொன்ன தளபதிகளுக்குச் சிலை எழுப்பிய உலகம் இது. என் தராசில் இந்த நுரைக்காரரின் தட்டுதான் தாழ்கிறது.

பக்கம் தீர்ந்தது. லங்காஸ்டர்கள் இன்னும் வானில்தான் வட்டமிடுகின்றன. பொறுத்தருளுங்கள், அடுத்த வாரம் கட்டாயம் தரையிறக்கிவிடுகிறேன்.