டம்டம் தோட்டா: பெயர் வந்த கதையும் தடை வந்த கதையும்

கல்கத்தா விமான நிலையம் இருக்கும் வட்டாரத்தின் பெயர் டம்டம். போரில் பயன்படுத்தக் கூடாது என்று உலக நாடுகள் தடை செய்த ஒரு தோட்டாவுக்கும் அதே பெயர்தான். பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் தோட்டா ஆலை அங்குதான் இருந்தது.

ஈயக் குண்டின் காலம்

1849-இல் பிரெஞ்சு அதிகாரி மினியே, அடிப்பகுதி குழிவான ஈயக் குண்டை உருவாக்கினார். சுடும்போது அதன் அடி விரிந்து குழலின் உள்வரிகளைக் கவ்வும். குண்டு சுழன்றபடி வெகுதூரம் குறி தவறாமல் பாயும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், இவ்வகைக் குண்டு பட்ட எலும்பு சில்லுசில்லாக நொறுங்கியது. காயம் சீழ் பிடித்து உயிர் போகாமலிருக்க, மருத்துவர்கள் பலரின் கைகால்களை வெட்டி எடுத்தனர்.

1868-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய நாடுகள், 400 கிராமுக்குக் குறைவான வெடிக்கும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என உறுதி எடுத்தன.

உறை போட்ட குண்டு

1880-களில் புகையில்லா வெடிமருந்து வந்தது. குண்டின் வேகம் கூடியதால் மென்மையான ஈயம் தாங்கவில்லை. அதன்மேல் கடினமான உலோக உறை போட்டனர். 1888-இல் பிரிட்டன் ஏற்ற .303 தோட்டாவும் இவ்வகையே. ஆனால் 1895-இல் சித்ரால் படையெடுப்பில், குண்டு பட்டவர்கள் விழாமல் தொடர்ந்து முன்னேறுவதாகப் படையினர் குறை கூறினர்.

டம்டம் ஆலையில் இருந்த கேப்டன் பெர்ட்டி-கிளே, குண்டின் நுனியில் மட்டும் உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். உடலில் பட்டதும் நுனி காளான்போல் விரிந்து, உள்ளே பெரும் சேதம் விளைவித்தது.

1899 ஹேக் மாநாட்டில் இதற்குத் தடை கோரப்பட்டபோது பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. நாகரிகமடைந்த வீரன் காயம்பட்டால் பின்வாங்குவான், 'காட்டுமிராண்டி' பின்வாங்க மாட்டான் என்பது பிரிட்டிஷ் பிரதிநிதி ஆர்டாவின் வாதம். அதாவது, அடிமை நாட்டு மக்களைச் சுட வேறு குண்டு வேண்டும் என்றார். ஆயினும் 1899 ஜூலை 29-இல் தடைப் பிரகடனம் நிறைவேறியது. பிரிட்டன் 1907-இல்தான் அதில் சேர்ந்தது.

தடைக்குப் பிறகு

1910-இல் வந்த .303 ஏழாம் வகைக் குண்டு கூர்நுனி கொண்டது; முழுமையாக உறையிடப்பட்டது. ஆனால் நுனிக்குள் அலுமினியம் போன்ற இலேசான பொருளும் பின்பகுதியில் ஈயமும் இருந்தன. பின்பாரத்தால் அது உடலுக்குள் புரண்டு குறுக்காகப் பாய்ந்தது. சட்டம் மீறப்படவில்லை; காயமும் சிறிதாகவில்லை. நம் நாட்டில் அவசரகாலத்தின்போது தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்கள் பலர் ஏந்தியதும் .303 துப்பாக்கிதான். பின்னர் வியட்நாம் போரில் அமெரிக்கா பயன்படுத்திய 5.56 மில்லிமீட்டர் குண்டு, அருகிலிருந்து சுடப்பட்டால் புரண்டு துண்டுதுண்டாக உடைந்தது.

வேகமான குண்டு தான் செல்லும் வழியை நசுக்குவதோடு, சுற்றியுள்ள சதையையும் கணநேரம் விரித்துத் தள்ளும். நுரையீரல் அதை ஓரளவு தாங்கும், கல்லீரல் கிழிந்துவிடும். எனவே வெளியே தெரியும் துளையை வைத்து மருத்துவர்கள் காயத்தை அளவிடுவதில்லை.

விரியும் குண்டைப் போரில் பயன்படுத்துவதை 1998-இன் ரோம் சாசனம் போர்க்குற்றமாகப் பட்டியலிட்டுள்ளது. குண்டின் உருவத்துக்குத் தடை போட முடிந்தது. அது தரும் வேதனைக்கு இன்னும் முடியவில்லை.