ஒரு வீடும் ஒரு பட்டறையும்

நம் கச்சேரி மேடைகளில் பாடுபவருக்கு அருகே அமர்ந்து வயலின் வாசிப்பவரை நாம் அந்நியக் கருவிக்காரராக எண்ணுவதில்லை. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் கைக்கொண்ட காலந்தொட்டு அது நம்முடையதாகிவிட்டது. எனினும் அக்கருவியின் உருவத்தை நிலைநிறுத்தியவர்கள் வட இத்தாலியில், போ ஆற்றங்கரையில் உள்ள கிரெமோனா என்னும் ஊரின் சில தொழிற்குடும்பத்தார். அவர்களுள் தலையாயவர் அந்தோனியோ ஸ்திராதிவாரி.

இவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக முடிந்துவிடும். ஒன்று விலை, 1721-இல் இவர் செய்த ஒரு வயலின் 2011-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேலான தொகைக்கு ஏலம் போயிற்று. மற்றொன்று இரகசியம்; மரத்திலா, மெருகெண்ணெயிலா, எதில் இருந்தது அந்த மாயம் என்னும் தேடல். நாம் இங்கே எண்ணிப்பார்க்க விரும்புவது இவ்விரண்டையும் அன்று. ஏறத்தாழத் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றுள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் உளியைக் கீழே வைக்காத ஒரு தொழிலாளியின் வீட்டை.

அவர் பிறந்ததற்கான பதிவு இல்லை. முதுமையில் செய்த கருவிகளின் உள்ளே ஒட்டிய சீட்டுகளில் தம் வயதையும் குறித்து வைத்திருந்தார். அதிலிருந்தே 1644 என்னும் பிறப்பாண்டு கணிக்கப்படுகிறது. தம் பிறப்பையே தம் கைவேலையினுள் பதிந்துவைத்த மனிதர் என்று அவரைச் சொல்லலாம்.

கிரெமோனாவில் இத்தொழில் ஒரு குடும்பச் சொத்தாகத் தொடங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் ஆந்திரேயா அமாத்தி தொடங்கி, மக்கள் வழியாகப் பேரன் நிகோலோ வரை அது வீட்டுக்குள்ளேயே இறங்கி வந்தது. 1630-இல் வந்த கொள்ளைநோய் நிகோலோவின் தந்தையைக் கொண்டுபோயிற்று. பட்டறை ஒரே மனிதரின் கையில் வந்து நின்றது. அதன் பின்னரே நிகோலோ வெளியாட்களைச் சேர்த்துக் கற்பிக்கலானார். ஆந்திரேயா குவர்னேரி அவ்வாறு அவ்வீட்டில் தங்கிக் கற்றவர். ஸ்திராதிவாரியும் தாம் அமாத்தியின் மாணவர் என்று 1666-ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்றில் குறித்திருக்கிறார். பேரழிவு ஒன்று கதவைத் திறந்துவிட்டதால் உள்ளே வந்த தலைமுறை இது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் இறுதியில் இதற்குத் தேவை வரும்.

1667 ஜூலையில் அவர் பிரான்செஸ்கா பெராபோஸ்கி என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவ்வாண்டு இறுதியிலேயே முதல் மகள் பிறந்தாள். வாடகை வீட்டில் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தபின், 1680-இல், சான் தொமெனிக்கோ ஆலயத்துக்கு எதிரே ஒரு வீட்டை 7000 லீராவுக்கு விலைக்கு வாங்கினார். ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து, எஞ்சியதைத் தவணையில் செலுத்தினார். கீழே கடையும் பட்டறையும், மேலே குடும்பம், உச்சியில் மெருகு பூசிய கருவிகளை உலர்த்தத் திறந்த மாடம். அடுத்த ஐம்பத்தேழு ஆண்டுகள், இறக்கும்வரை, அவர் அவ்வீட்டை விட்டு நகரவில்லை.

அவ்வீட்டில் நாள்தோறும் நடந்த வேலையை அறிவது கடினமன்று. அவர் பயன்படுத்திய மர அச்சுகளும், தாளில் வரைந்த அளவுப் படிவங்களும் இன்றும் கிரெமோனாவின் வயலின் அருங்காட்சியகத்தில் உள்ளன. அச்சைச் சுற்றி மேப்பிள் மரத்தின் மெல்லிய பட்டைகளைச் சூடேற்றி வளைத்துப் பக்கங்களை அமைப்பார். ஆல்ப்ஸ் மலைக்காடுகளில் மெதுவாக வளர்ந்த ஊசியிலை மரத்தை மேற்பலகைக்கு எடுத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் வரும்வரை சீவுவார். பொறுமையை மட்டுமே கூலியாகக் கேட்கும் வேலை. ஆண்டுக்குப் பதினைந்து கருவிகள் என்று கொண்டால் கூட, வாழ்நாளில் அவர் செய்ததாக மதிப்பிடப்படும் ஆயிரத்து நூறு என்னும் தொகை கைகூடிவிடும். அவற்றுள் அறுநூற்றைம்பது அளவுக்கு இன்றும் எஞ்சியுள்ளன.

இரகசியத்தைத் தேடியவர்களுக்கு 2009-இல் ஒரு விடை கிடைத்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அவருடைய ஐந்து கருவிகளின் மெருகைச் சோதித்தபோது அகப்பட்டவை அக்கால ஓவியர்களும் பயன்படுத்திய எண்ணெய், பிசின், செந்நிறப் பொடி ஆகியவையே. மாயம் ஏதுமில்லை. நாம் காண்பது ஓயாத திருத்தம். 1690-களில் நீண்ட உடலமைப்பைச் சோதித்தார். 1700-க்குப்பின் அதைக் கைவிட்டார். 1707 அளவில், அறுபது கடந்த வயதில், செல்லோவுக்குப் புதிய, சிறிய அளவை வகுத்தார். 1702-இல் பிரெஞ்சுப் படையும் ஆஸ்திரியப் படையும் கிரெமோனாவின் தெருக்களிலேயே மோதின; ஊரை ஆண்ட ஸ்பானியர் போய் ஆஸ்திரியர் வந்தனர். அவருடைய மிகச் சிறந்த கருவிகள் எனப் போற்றப்படுபவை பிறந்த கால்நூற்றாண்டு இதுவே.

குடும்பக் கடமையிலும் அவர் குறை வைத்தவரல்லர். 1698-இல் பிரான்செஸ்கா இறந்தபோது நடத்திய அடக்கச் சடங்கின் செலவுக் கணக்கு கிடைத்திருக்கிறது. கைத்தொழிலாளி ஒருவரின் மனைவிக்கு ஊரார் எதிர்பார்த்திராத சிறப்பு அதில் தெரிகிறது. மறு ஆண்டே, ஐம்பத்தைந்து வயதளவில், அந்தோனியா சாம்பெல்லியை மணந்தார். இரு மனைவியர்க்கும் பிறந்த குழந்தைகள் பதினொருவர். சிலரைச் சிறுவயதிலேயே இழந்தார். மகளுக்கு மணமுடித்தார், இரு மக்கள் குருக்களாயினர், கடைக்குட்டி பாவ்லோவுக்குத் துணி வணிகத்தில் பெருந்தொகை இட்டு வழி அமைத்தார். 'ஸ்திராதிவாரியைப்போல் பணக்காரன்' என்று ஊரில் ஒரு சொல்வழக்கே இருந்ததாம். ஆயினும் வெண்ணிறத் தோல் மேலாடையை இடையில் கட்டிக்கொண்டு எந்நேரமும் வேலையில் இருந்தவராகவே வாய்மொழி மரபு அவரை நினைவுகூர்கிறது.

பட்டறைக்கு வந்தவர்கள் முதல் மனைவியின் மக்கள் இருவர்: 1671-இல் பிறந்த பிரான்செஸ்கோ, 1679-இல் பிறந்த ஓமோபோனோ. இவர்கள் கதையைப் படிக்கும்போதுதான் நம் மனம் சற்றே கனக்கிறது. இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. தந்தையின் கூரையின்கீழ், தந்தையின் அச்சுகளைக் கொண்டு, தந்தையின் பெயர் பொறித்த சீட்டு ஒட்டப்படும் கருவிகளைச் செய்தே முதுமை எய்தினர். ஓமோபோனோ பதினெட்டு வயதில் நேப்பிள்ஸ் நகருக்குப் போய்ச் சில காலம் தங்கினான். 1729-இல் கிழவர் எழுதிய உயிலில், முப்பதாண்டுகளுக்கு முன் அப்பயணத்துக்குத் தாம் செலவழித்த தொகை மறவாமல் குறிக்கப்பட்டிருக்கிறது! பட்டறையும் கருவிகளும் மூத்தவனுக்கு. ஒரே முறை வெளியே போய் வந்த மகனின் கணக்கு ஐம்பது வயதிலும் தீரவில்லை.

இதைக் கொடுமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கடனை அடைத்து வீடு வாங்கியவரின் கணக்குப் பழக்கம் அது. மக்களைத் தம் அருகிலேயே வைத்திருந்ததும் அன்பினால்தான். ஆனால் அன்பு இடம்விடவும் வேண்டும். தொண்ணூறு வயதிலும் தலைமை இருக்கையில் தந்தை அமர்ந்திருந்தால், அறுபது வயது மகன் என்றும் மாணவனே.

1737 மார்ச்சில் அந்தோனியா இறந்தார். டிசம்பர் 18-இல் ஸ்திராதிவாரியும் மறைந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே தாம் வாங்கி வைத்திருந்த, எதிர் ஆலயத்துக் கல்லறையில் மனைவிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். மக்களுக்குப் பட்டறை கிடைத்தது, காலம் கிடைக்கவில்லை. ஓமோபோனோ 1742-லும் பிரான்செஸ்கோ 1743-லும் இறந்தனர். பேரப்பிள்ளைகள் எவரும் அச்சைக் கையில் எடுக்கவில்லை. ஆந்திரேயாவின் பேரனும், இவருக்கு இணையாக வைத்து எண்ணத்தக்கவனுமாகிய யோசேப்பு குவர்னேரி 1744-இல் போனான். கார்லோ பெர்கோன்சி 1747-இல். பத்தே ஆண்டுகளில் கிரெமோனாவின் பெருங்காலம் முடிந்தது. எஞ்சிய கருவிகளையும் அச்சுகளையும் 1775 அளவில் துணி வணிகர் பாவ்லோ, கோசியோ என்னும் இளம் பிரபுவுக்கு விற்றார்.

அமாத்தியின் வீட்டுக் கதவைக் கொள்ளைநோய் திறந்தது. அதன் வழியே நுழைந்தவர் ஸ்திராதிவாரி. தம் வீட்டின் கதவை அவர் தம் மக்களுக்கு மட்டுமே திறந்து வைத்திருந்தார். கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தைக் கடந்து செல்வது எளிதாக இல்லை.

1869-இல் சான் தொமெனிக்கோ ஆலயம் இடிக்கப்பட்டபோது எலும்புகள் பிறவற்றோடு கலந்து அடையாளமின்றிப் போயின. பெயர் பொறித்த கல் மட்டும் மிஞ்சியது. வீடும் இருபதாம் நூற்றாண்டில் மறைந்தது. ஆனால் கைமாறிக் கைமாறிச் சென்ற அச்சுகளை 1920-இல் ஃபியோரினி என்னும் கருவிச் செய்ஞர் வாங்கி, 1930-இல் கிரெமோனாவுக்கே கொடையளித்தார். 1938-இல் அவ்வூரில் வயலின் செய்யக் கற்பிக்கும் பள்ளி தொடங்கியது. உலகின் பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் அங்கே வந்து கற்கிறார்கள். யாருடைய மக்கள் என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. கிழவரின் உண்மையான வாரிசுகள் இருநூறு ஆண்டுகள் தாமதித்து வந்து சேர்ந்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.