சேம அச்சும் கயிறும்

வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் நினைவிருக்கும். பாரம் முன்னால் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அச்சின்மேல் சமன்செய்து அடுக்குவதும், முளைக்குச்சிகளுக்குள் அடக்குவதும், மேலே கயிறு போட்டு இறுக்குவதும் வண்டிக்காரர்கள் கைப்பழக்கத்தில் கற்ற கல்வி.

அக்கல்வியின் தடயங்கள் நம் பழைய இலக்கியத்தில் உள்ளன. உப்பு விற்கும் உமணரின் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை உறுப்பு உறுப்பாக விவரிக்கிறது. வண்டியின் முன்புறம் கயிற்றால் பிணித்த காடிக் கலத்துக்கு, ஆடுகளத்தில் இழுத்து விசித்துக் கட்டிய வாத்தியத்தை உவமையாக்குகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கயிற்றின் முறுக்கத்தைக் கவனித்துப் பார்த்த கண் அது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், பள்ளத்தில் இறங்கினும் மேட்டில் ஏறினும் என்ன நேருமோ என்று எண்ணி உமணர் வண்டிக்கடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சுக்குப் பொகுட்டெழினியை ஒப்பிடுகிறார். வள்ளுவரோ, மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பதை 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்தார். கட்டு, முன்னேற்பாடு, அளவு என்னும் மூன்றும் ஏதோவொரு வடிவில் பாட்டில் ஏறிவிட்டன.

மாடு நின்றால் வண்டியும் நிற்கும். பாரமும் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும். லாரி வந்தபின் இந்த எளிமை போய்விட்டது. வேகமாக ஓடும் லாரியின் பிரேக்கை மிதிக்கும்போது நிற்பது லாரிதான். கட்டப்படாத பாரம் தன் வேகத்திலேயே முன்னோக்கிப் போக முயல்கிறது. ஐரோப்பியத் தரவிதிகள் இதை எண்ணாக்கி வைத்திருக்கின்றன: முன்புறமாகப் பாரத்தின் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்புறமும் 0.5 பங்கையும் கட்டு தாங்கவேண்டும். பத்து டன் இரும்பு என்றால், ஓட்டுநரின் முதுகை நோக்கி எட்டு டன் எடைக்கு நிகரான தள்ளல்.

மேலே குறுக்காகப் போடும் கயிறு பாரத்தைப் பிடித்து நிறுத்துவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பாரத்தைத் தளத்தோடு அழுத்துகிறது. பிடித்து நிறுத்துவது உராய்வு. ஆகவே கயிறு நெகிழ்ந்தால் உராய்வும் குறைகிறது. மூட்டைகள் குலுங்கிப் படியும்போது, முதலில் எவ்வளவு இறுக்கிய கட்டும் தளரும். சில மைல் ஓடியபின் வண்டியை நிறுத்திக் கயிற்றைத் தட்டிப் பார்த்து மறுபடி இறுக்கும் கிளீனர், படித்தறியாவிட்டாலும் இந்த விதியை அறிந்தவர்.

சட்டம் மெதுவாக வந்தது. வண்டியின் பின்புறத்துக்கு வெளியே ஒரு மீட்டர் வரை கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்க இந்தியாவில் விதி இடமளித்திருந்தது. இரவில் பின்னால் வந்து மோதியவர்களின் உடலில் பாய்ந்த அந்தக் கம்பிகளுக்கு அனுமதி 2014இல்தான் நீங்கியது. 2018இல் அச்சுகளுக்கு அனுமதிக்கப்பட்ட எடை உயர்த்தப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மிகைபாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதித்தது. பாரம் வண்டிக்கு வெளியே நீண்டாலும் 20,000 ரூபாய்.

எடைமேடை டன்னைச் சொல்லும். நீளத்தை அளவுநாடா சொல்லும். கட்டின் இறுக்கத்தை அறிய இன்றும் ஒருவர் கயிற்றைத் தொட்டுத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. பாரத்தின் உச்சியில் ஏறி நின்று தார்ப்பாய் விரித்துக் கயிற்றை இழுக்கும் அவர் தவறி விழுந்தால் அவரைத் தாங்க அங்கே ஒன்றும் இல்லை. அவருடைய முடிச்சை நம்பித்தான் லாரிக்குப் பின்னால் வருகிறவர் இரு சக்கர வாகனத்தில் வீடு திரும்புகிறார்.

சேம அச்சு, முறிந்தபின் உதவுவது. கயிறு, அசம்பாவிதம் நேராமலே காப்பது. முன்னதற்கு ஔவையின் பாட்டு இருக்கிறது. பின்னதைக் கட்டுகிறவருக்கு நியாயமான கூலியும், நல்ல கயிறும், வழியில் நின்று மறுபடி இறுக்கிப் பார்க்க அரைமணி நேரமும் கிடைத்தால் போதும்.