குலுக்கல் சீட்டும் கூறும்: சேலம், நாமக்கல் சமவெளியில் பங்கு விற்பனையின் வரலாறு

பலர் பணம் போட்டு ஒரு பொருளையோ தொகையையோ பொதுவில் சேர்த்து, யாருக்கு எது என்பதைக் குலுக்கலிலோ ஏலத்திலோ தீர்மானிக்கும் முறை தமிழகத்தில் சீட்டு, கூறு, பங்கு, குலுக்கல் எனப் பல பெயர்களில் வழங்குகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் இது அன்றாட வாழ்வோடு கலந்தது. நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆகவே இந்த வழக்கங்களைப் பொறுத்தவரை இரண்டையும் ஒரே நிலமாகக் கொள்வதே சரி. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை ஆகிய தறி ஊர்களிலும், லாரிக்குக் கூண்டு கட்டும் நாமக்கல்லிலும் ஒரு தறியோ ஒரு வண்டியோ வாங்கும் முதலுக்குச் சீட்டுப் பணத்தை நம்பியவர்கள் ஏராளம்.

அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிப்பவர்களிடையே இதன் தூரத்து உறவான ஒரு வணிகம் நடக்கிறது. பிரிக்கப்படாத அட்டைப் பெட்டி ஒன்றின் பங்குகளை ஒருவர் பலருக்கு விற்கிறார். பிறகு இணைய நேரலையில் பெட்டியைப் பிரித்து அவரவர் அட்டையை அவரவருக்கு அனுப்புகிறார். இதை ‘பாக்ஸ் பிரேக்’ என்கிறார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. விற்பவருக்கும் தெரியக் கூடாது. தெரியாத ஒன்றை விற்பவரின் நேர்மையை எப்படிச் சோதிப்பது? இந்தக் கேள்விக்குத் தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுப் பழைய விடை ஒன்று கல்லில் இருக்கிறது.

பானையைத் தூக்கிக் காட்டுதல்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை இவை விவரிக்கின்றன. பள்ளிப் பாடங்களில் இது மக்களாட்சிக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. அதைவிட இதில் வியப்புக்குரியது குலுக்கலில் திருட்டு நடக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்றே தோன்றுகிறது.

முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் நம்பிமாரில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு, அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும்.

ஐந்து விரலை விரிக்கச் சொன்னது ஏன் என்பதைக் கல்வெட்டு விளக்கவில்லை, விளக்கவும் தேவையில்லை. விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதே காரணம் என்று படித்தவுடன் விளங்கும். குடம் தூக்கியவரும் ஓலை வாங்கியவரும் ஊரில் மதிப்புள்ளவர்கள். ஆனாலும் நடைமுறை அவர்களுடைய நல்ல பெயரை நம்பி நிற்கவில்லை.

கூறு

சீட்டைவிட எளியது கூறு. சேலம், நாமக்கல் சிற்றூர்களில் தீபாவளிக்கும் ஊர் நோன்பிக்கும் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆடு பிடித்து அறுத்துப் பங்கு போட்டுக்கொள்வது பழைய வழக்கம். ஈரல், நெஞ்செலும்பு, தொடைக்கறி, குடல் என எல்லாவற்றையும் ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பார்கள். கூறு எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஒன்று மற்றொன்றைப் போல் இருக்காது. எந்தக் கூறு யாருக்கு என்பதற்கு ஊருக்கு ஊர் ஒரு முறை இருக்கிறது. சில இடங்களில் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு குச்சி, ஒரு கல், ஓர் இலை என்று குறி கொடுக்க, யாருடைய குறி எது என்று தெரியாத பிள்ளை அவற்றைக் கூறுகளின் மேல் வைக்கும். சில இடங்களில் கூறு போட்டவர் மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சியதை எடுத்துக்கொள்வார். அப்படியிருந்தால் அவர் எந்தக் கூறையும் வேண்டுமென்று சிறிதாக்க மாட்டார்.

இங்கே விற்பனைப் பேச்சுக்கு இடமில்லை என்பது கவனிக்க வேண்டியது. எல்லோர் பங்கும் ஏறக்குறைய சமம். ஆட்டை எல்லோரும் உயிரோடு பார்த்திருக்கிறார்கள். யாரும் யாரையும் ஆசை காட்டி இழுக்க வேண்டியதில்லை.

சீட்டு

சீட்டில் குலுக்கல் தீர்மானிப்பது யாருக்கு என்பதையல்ல, எப்போது என்பதைத்தான். இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் போட்டால் ஒரு லட்சம் சேரும். இருபது மாதத்தில் இருபது பேரும் ஒவ்வொரு முறை எடுப்பார்கள். குலுக்கல் சீட்டில் பெயர் விழுந்தவர் அந்த மாதம் எடுப்பார். ஏலச் சீட்டில் அவசரம் உள்ளவர் தள்ளிக் கேட்பார். ஒருவர் 25,000 தள்ளி எடுத்தால் அவர் கையில் 75,000 கிடைக்கும். நடத்துபவருக்கு 5 சதவீதக் கமிஷனாக 5,000 போக, மிச்சம் 20,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகப் பிரியும். அந்த மாதம் எல்லோரும் 4,000 கட்டினால் போதும். கடைசிவரை காத்திருப்பவருக்கு இது சேமிப்பு, முதலில் எடுப்பவருக்குக் கடன். சட்டத்தின் வரையறை பணத்தோடு தானியத்தையும் குறிப்பிடுகிறது. நெல் போட்டு நெல் எடுத்த சீட்டுகளின் நினைவு அதில் தங்கியிருக்கிறது.

கொச்சியில் 1932ஆம் ஆண்டிலும், திருவிதாங்கூரில் 1945ஆம் ஆண்டிலும் சீட்டுக்கென்று தனிச் சட்டங்கள் வந்துவிட்டன. சென்னை மாநிலத்தில் 1961ஆம் ஆண்டில்தான் வந்தது. நாடு முழுமைக்குமான சிட் ஃபண்ட்ஸ் சட்டம் 1982ஆம் ஆண்டில் நிறைவேறியது. இதன் பிரிவுகளைப் படித்தால், சீட்டில் எங்கெங்கே ஏமாற்றலாம் என்பதை நன்கு அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது போலிருக்கும்.

சீட்டு நடத்துபவர் முன் அனுமதி பெறாமல் ஆள் சேர்க்க விளம்பரம் செய்யக் கூடாது. எல்லாப் பங்குகளுக்கும் ஆள் சேர்ந்த பிறகே உறுதிமொழி கொடுத்துத் தொடக்கச் சான்று பெற முடியும். குலுக்கலோ ஏலமோ நடக்கும்போது குறைந்தது இரண்டு சந்தாதாரர்கள் உடனிருக்க வேண்டும். நடந்ததை எழுதி, எடுத்தவரும் மற்ற இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவின் நகல் 21 நாட்களுக்குள் பதிவாளருக்குப் போக வேண்டும். உச்சவரம்பு அளவுக்குத் தள்ளிக் கேட்பவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குள் குலுக்கிப் போட வேண்டும். நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் வைக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கமிஷன் வரம்பு 5 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்ந்தது. உடனிருக்க வேண்டிய இருவர் காணொலி வழியாகவும் இருக்கலாம் என்றானது.

இவற்றில் முக்கியமானது ஆள் முழுக்கச் சேர்ந்த பிறகே தொடங்க வேண்டும் என்பது. இருபது பங்கில் பதினாறு மட்டும் விற்று, மிச்சம் நான்கை நடத்துபவரே பொய்ப் பெயரில் வைத்துக்கொண்டால், முதல் நான்கு மாதங்களில் சீட்டை அவரே எடுத்துவிட முடியும். அதன் பிறகு மாதாமாதம் அவர் கட்டுவாரா என்பது அவர் மனசாட்சியைப் பொறுத்தது. ஓடிப்போன சீட்டுக்காரர்களின் கதைகளில் பெரும்பாலானவற்றை அலசினால் இப்படியொரு இல்லாத ஆள் எங்கோ இருப்பார். தெருவுக்குள் பெண்கள் நடத்தும் பதிவில்லாத சீட்டில் பிணையம் எதுவும் இல்லை. எதிர்வீட்டு அக்கா எங்கே போய்விடுவார் என்ற எண்ணம் மட்டுமே பிணையம். பல ஆண்டுகள் அது போதுமானதாகவே இருந்திருக்கிறது. போதாமல் போன நாளில் மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம் போயிருக்கிறது.

பரிசுச் சீட்டு, லாட்டரி, மூன்று நம்பர்

1970களில் சீட்டின் பெயரை வைத்துக்கொண்டு வேறொன்று பெருகியது. மாதம் ஒரு பெயர் குலுக்கலில் விழும். விழுந்தவர் பரிசை எடுத்துக்கொண்டு மேற்கொண்டு கட்ட வேண்டியதில்லை. விழாதவர்கள் கடைசிவரை கட்டி, போட்ட பணத்தை வட்டியில்லாமல் வாங்குவார்கள், அல்லது பொருளாகப் பெறுவார்கள். ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு 1975ஆம் ஆண்டில் இதையும் மரபான சீட்டையும் வேறுபடுத்திக் காட்டியது. 1978ஆம் ஆண்டில் பரிசுச் சீட்டுகளும் பணச் சுழற்சித் திட்டங்களும் தடை செய்யப்பட்டன. மரபான சீட்டு தப்பியது. ஒன்றில் குலுக்கல் முறையை மட்டும் சொல்கிறது, மற்றதில் ஒருவர் பணத்தை இன்னொருவருக்கு மாற்றுகிறது என்ற வேறுபாட்டைச் சட்டம் தெளிவாகப் பிடித்துக்கொண்ட இடம் இது.

அரசே இரண்டாவது வகையை நடத்தவும் செய்தது. அண்ணா ஆட்சியில் 1968ஆம் ஆண்டில் பரிசுச் சீட்டு தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அதன் முழக்கம். விற்பனை வாசகம் என்ற அளவில் அதை மிஞ்ச ஆளில்லை. தோற்றவருக்கும் அதில் ஒரு பெருமை ஒதுக்கப்பட்டிருந்தது. கருணாநிதி ஆட்சியில் 1975ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் வந்து, ஜெயலலிதா ஆட்சியில் 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன. அதற்கு முன்பே 1998ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், ஒற்றை இலக்க லாட்டரி கூடாது, குலுக்கலை அந்தந்த மாநில அரசே தன் எல்லைக்குள் நடத்த வேண்டும், ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒன்றுக்கு மேல் குலுக்கல் கூடாது என்று வரம்பு கட்டியிருந்தது.

தடைக்குப் பின் சேலத்திலும் நாமக்கல்லிலும் பரவியது மூன்று நம்பர் லாட்டரி. துண்டுச் சீட்டில் மூன்று எண்களை எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குவார்கள். கேரள அரசு லாட்டரி முடிவின் கடைசி எண்களோடு ஒத்துப்போனால் பரிசு. இதில் ஒரு விசித்திரம் உண்டு. குலுக்கல் நேர்மையானது. அது வேறு மாநிலத்தில் பலர் பார்க்க நடப்பது, இங்கே எண் எழுதுபவரால் அதில் கை வைக்க முடியாது. மோசம் குலுக்கலில் இல்லை, சீட்டில் இருக்கிறது. பெரிய தொகை விழுந்தால் எழுதியவர் கொடுப்பாரா என்பதற்கு அந்தத் துண்டுத் தாளைத் தவிர எந்த ஆதாரமும் இல்லை. சட்டவிரோதமானது என்பதால் புகார் கொடுக்கவும் வழியில்லை. விழுப்புரத்தில் 2019 டிசம்பரில் இந்த லாட்டரியில் பணத்தை இழந்த நகைத் தொழிலாளி ஒருவர் மனைவி, மூன்று குழந்தைகளோடு உயிரை மாய்த்துக்கொண்டார்.

அட்டைப் பெட்டி

விளையாட்டு அட்டை நமக்குப் புதிதல்ல. 1980களின் இறுதியில் பிக் ஃபன் பபிள்கம் வாங்கி, உள்ளே இருந்த கிரிக்கெட் வீரர் படத்தையும் ஓட்டக் கணக்கையும் சேர்த்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அதே காலத்தில் பெட்டிக்கடையில் பலூன் அட்டை தொங்கியது. எண் சீட்டைக் கிழித்தால் அந்த எண்ணுள்ள பலூன் கிடைக்கும். மேலே தொங்கும் பெரிய பலூன் மட்டும் கடைசிவரை யாருக்கும் விழாது. அந்த எண் கடைக்காரரின் கல்லாவில் இருக்கிறது என்று எல்லாச் சிறுவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் கிழிப்பார்கள்.

பாக்ஸ் பிரேக்கில் இந்தப் பழைய சிக்கல்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வருகின்றன. அமெரிக்கக் கூடைப்பந்து என்றால் 30 அணிகள், 30 பங்குகள். பிடித்த அணியை விலை கொடுத்து எடுப்பது ஒரு வகை, எந்த அணி என்பதைக் குலுக்கிக் கொடுப்பது இன்னொரு வகை. குலுக்கலுக்கு ராண்டம்.ஆர்க் போன்ற தளத்தில் பெயர்களைக் கலைக்கிறார்கள். எத்தனை முறை கலைப்பது என்பதற்கு முதலில் பகடை உருட்டிக் காட்டுகிறார்கள். தனக்கு வேண்டிய வரிசை வரும்வரை கலைத்துவிட்டு நிறுத்தவில்லை என்று காட்டத்தான் அந்தப் பகடை. பெட்டியின் பிளாஸ்டிக் உறையைக் கேமரா முன் எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டுவதும், இரண்டு கையும் திரையை விட்டு விலகாமல் பிரிப்பதும் எழுதாத விதிகள். உத்திரமேரூர் மூத்த நம்பி இன்றிருந்தால் இவர்கள் செய்வது அவருக்கு உடனே விளங்கியிருக்கும்.

ஆனால் கூறில் இல்லாத பேச்சு இங்கே வெள்ளமாகப் பாய்கிறது. ஏனெனில் பங்குகள் சமமில்லை. ஒரு புகழ்பெற்ற புதுமுக வீரரின் கையொப்ப அட்டை ஒருவருக்கு விழும். மற்ற பலருக்கு விலை போகாத அட்டைகளே மிஞ்சும். பிரிப்பவருக்கோ எது விழுந்தாலும் ஒன்றுதான், அவர் லாபம் பெட்டி பிரியும் முன்பே வந்துவிட்டது. 30 பங்கின் மொத்த விலைக்கும் பெட்டியின் கடை விலைக்கும் உள்ள வித்தியாசமே அவருடைய கமிஷன். சீட்டில் அதற்கு 7 சதவீதம் என்று வரம்பிருக்கிறது, இங்கே அதைக் கணக்குப் போட்டுச் சொல்பவர்கள் குறைவு. விழுந்த நல்ல அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் நேரலை, வெறும் அட்டைகளை விரல் நுனியில் விறுவிறுவென்று தள்ளிவிட்டுப் போகிறது. இதில் பொய் எதுவும் சொல்லப்படவில்லை என்பதுதான் இதன் சிரமம்.

அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்பதுண்டு: விற்காமல் மிஞ்சிய அணிகள் யார் கணக்கில் போகும்? பிரிப்பவரே வைத்துக்கொள்வார் என்றால், அந்த அணிக்கு நல்ல அட்டை விழும்போது கேமரா எங்கே பார்க்கிறது என்பதை அவர்கள் கவனிக்கிறார்கள். தொடக்கச் சான்று கேட்கும் பதிவாளர் அங்கே இல்லாததால் அந்த வேலையும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.