ஒரே பாடநூல், இரு தேர்வுகள்: 12ஆம் வகுப்பு உயிரியலுக்குத் தயாராவது எப்படி?

புதுடெல்லி: மருத்துவப் படிப்பைக் கனவாகக் கொண்ட மாணவர்கள், சில மாத இடைவெளியில் இரண்டு உயிரியல் தேர்வுகளை எதிர்கொள்கின்றனர். முதலாவது, பொதுவாக பிப்ரவரியில் தொடங்கும் சிபிஎஸ்இ 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு. இரண்டாவது, அதைத் தொடர்ந்து வரும் நீட் நுழைவுத்தேர்வு. இரண்டுக்கும் அடிப்படை என்சிஇஆர்டி பாடநூல்தான். ஆனால் ஒன்றுக்குத் தயாரானால் மற்றதற்கும் தயாராகிவிட்டோம் என்று கருதுவது, பல மாணவர்களின் மதிப்பெண்களைக் குறைத்துவிடும் தவறான கணிப்பாகும்.

நீட் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும், 12ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பவியல், ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்ச்சி பெறாதவர் எம்பிபிஎஸ் படிப்பில் சேர இயலாது. எனவே, இரு தேர்வுகளின் வேறுபாட்டையும் அறிந்து திட்டமிடுவது அவசியம்.

வினாத்தாள் அமைப்பு: சிபிஎஸ்இ உயிரியல் பாடத்தில் எழுத்துத்தேர்வுக்கு 70 மதிப்பெண்கள், செய்முறைத் தேர்வுக்கு 30 மதிப்பெண்கள். மூன்று மணி நேரத்தில் 33 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இவற்றில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 16, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 5, மூன்று மதிப்பெண் வினாக்கள் 7, நான்கு மதிப்பெண்கள் கொண்ட சூழல் சார்ந்த வினாக்கள் 2, ஐந்து மதிப்பெண் நெடுவினாக்கள் 3 இடம்பெறுகின்றன. வினாத்தாளை வாசிக்க மட்டும் 15 நிமிடங்கள் தனியே வழங்கப்படுகின்றன.

கணக்கிட்டால், ஒரு மதிப்பெண்ணுக்குச் சுமார் இரண்டரை நிமிடங்கள் கிடைக்கும். ஒரு நெடுவினாவுக்கு 12 நிமிடங்களுக்கு மேல் செலவிட்டால், அந்த நேரம் வேறொரு வினாவிலிருந்து பறிபோகிறது.

நீட் தேர்விலோ 180 நிமிடங்களில் 180 வினாக்கள். அவற்றில் சரிபாதியான 90 வினாக்கள் உயிரியலில் இருந்து கேட்கப்படுகின்றன. மொத்தமுள்ள 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு உரியவை. சரியான விடைக்கு 4 மதிப்பெண்கள் வழங்கப்படும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். பொதுத்தேர்வு 12ஆம் வகுப்புப் பாடங்களை மட்டுமே உள்ளடக்கியது. நீட் தேர்வில் 11ஆம் வகுப்புப் பாடங்களும் உண்டு.

எந்தப் பகுதிக்கு எவ்வளவு? 2022ஆம் ஆண்டு பாடச்சுமை குறைக்கப்பட்ட பின், 12ஆம் வகுப்பு உயிரியல் பாடநூலில் 13 பாடங்கள் உள்ளன. எழுத்துத்தேர்வின் 70 மதிப்பெண்களில் மரபியல் மற்றும் பரிணாமம் 20, இனப்பெருக்கம் 16, உயிரியலும் மனித நலனும் 12, உயிரித் தொழில்நுட்பவியல் 12, சூழலியல் 10 எனப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் இரண்டு பகுதிகள் மட்டுமே மொத்தத்தில் பாதிக்கும் மேல். காலம் குறைவாக உள்ளவர்கள் இங்கிருந்து தொடங்குவது பயன் தரும். சூழலியல் பாடங்கள் நூலின் இறுதியில் இருப்பதால் கைவிடப்படுவது உண்டு. ஒப்பீட்டளவில் எளிதான அந்த 10 மதிப்பெண்களை இழக்க வேண்டியதில்லை.

ஒரே செய்தி, இரு வினாக்கள்: அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலைன் அமைவதே இந்நோய்க்குக் காரணம். 'ஆறாவது இடத்தில் அமைவது எது?' என்று நீட் தேர்வில் கேட்கப்பட்டால், நான்கு விடைகளில் ஒன்றை அடையாளம் காண்பதே போதுமானது.

பொதுத்தேர்விலோ அதே செய்தி ஒரு குடும்பத்தின் கதையாக வரலாம். நோய் இல்லாத பெற்றோருக்கு நோயுள்ள குழந்தை பிறந்தது ஏன், அடுத்த குழந்தைக்கு அந்நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று வினா அமையும். பெற்றோர் இருவரிடமும் குறைபாடுள்ள மரபணு ஒன்று வீதம் இருப்பதையும், ஒவ்வொரு பிறப்பிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதையும் மாணவர் கலப்பு அட்டவணை வரைந்து நிறுவ வேண்டும். அரிவாள் செல் ரத்தசோகையை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தில் தொடங்கப்பட்டதை நினைவில் கொண்டால், இது வெறும் தேர்வுக் கணக்கு அன்று என்பதும் விளங்கும்.

விடையை அடையாளம் காண்பது ஒரு திறன். அதைத் தானே எழுதி விளக்குவது வேறு திறன். பலவுள் தெரிவு வினாக்களை மட்டுமே பயிற்சி செய்தவர், வெற்றுத்தாளின் முன் தடுமாறுவது இதனால்தான்.

கூற்று - காரணம் வினாக்கள்: ஒரு மதிப்பெண் வினாக்களில் நான்கு இவ்வகையைச் சேர்ந்தவை. 'டிஎன்ஏவில் அடினின் அளவும் தைமின் அளவும் சமம்' என்பது கூற்று. 'டிஎன்ஏவின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் அமைந்துள்ளன' என்பது காரணம் என்று கொள்வோம். இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டாவது, முதலாவதற்கு விளக்கம் அன்று. அடினின் தைமினுடன் மட்டுமே இணைவதே உண்மையான காரணம். இரு வாக்கியங்களுக்கும் இடையே 'ஏனெனில்' என்ற சொல்லை இட்டு வாசித்தால், பொருந்துகிறதா என்பது தெளிவாகும்.

எழுதிப் பழகுதல்: பாடத்தை வாசித்து முடித்ததும் நூலை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுத வேண்டும். பின்னர் நூலைத் திறந்து, விடுபட்டவற்றை வேறு நிற மையால் சேர்க்கலாம். மீண்டும் மீண்டும் வாசிப்பதைக் காட்டிலும் இது நினைவில் நிலைக்கும். கருப்பை, சூல், லாக் ஓபரான் போன்ற படங்களைப் பாகங்களுடன் வரைந்து பழகுவதும் இன்றியமையாதது. சிபிஎஸ்இ ஆண்டுதோறும் மாதிரி வினாத்தாளுடன் மதிப்பெண் வழங்கும் முறையையும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஒரு விடையின் எந்தக் கருத்துக்கு அரை மதிப்பெண், எதற்கு ஒரு மதிப்பெண் என்பதை அதில் காணலாம். மாணவர்கள் தம் விடைகளைத் தாமே திருத்திக்கொள்ள இது உதவும்.

செய்முறைத் தேர்வு: எழுத்துத்தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே 33 விழுக்காடு பெற்றால்தான் தேர்ச்சி. வெங்காய வேர்நுனியில் செல் பிரிதலைக் காண்பது, டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பது, மகரந்தத்தூள் முளைத்தலை ஆராய்வது போன்றவை ஆய்வகத்தில் செய்து பழக வேண்டியவை.

வகுப்புக்குச் செல்லாமல் பள்ளியில் பெயரை மட்டும் பதிவுசெய்து பயிற்சி மையங்களில் படிப்போர் இழப்பது இதைத்தான். பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகைப்பதிவு கட்டாயம். இத்தகைய சேர்க்கைகளை அனுமதித்ததற்காக, 2024 நவம்பரில் டெல்லி, ராஜஸ்தானைச் சேர்ந்த 21 பள்ளிகளின் இணைப்பை சிபிஎஸ்இ ரத்து செய்தது.

கால அட்டவணை: பொதுத்தேர்வு முடியும் வரை 12ஆம் வகுப்புப் பாடங்களை எழுதிப் பழகுவதற்கு முன்னுரிமை தரலாம். 11ஆம் வகுப்புப் பாடங்களை நாளொன்றுக்கு ஒரு சிறு பகுதியாகத் திருப்பிப் பார்த்து வந்தால் அவை மறக்காது. பொதுத்தேர்வு முடிந்த பிறகு, நேரத்தைக் குறித்துக்கொண்டு முழு மாதிரித் தேர்வுகளை எழுதலாம். தமிழ் உட்பட 13 மொழிகளில் நீட் தேர்வு நடத்தப்படுவதால், தேர்ந்தெடுத்த மொழியின் கலைச்சொற்களிலேயே பயில்வது நல்லது.

மன அழுத்தம் வந்தால்: உறக்கமின்மை, பசியின்மை, தொடர்ந்த அச்சம் ஆகியவற்றை உணரும் மாணவர்கள் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 12ஆம் வகுப்பில் ஒரு பாடத்தில் மட்டும் தேர்ச்சி பெறாதவர்கள், அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதவும் சிபிஎஸ்இ வாய்ப்பளிக்கிறது.